அறுபது விநாடிக்கு ஒரு வண்டி

சென்னையின் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. எல்லாம் தெற்கே. திருவொற்றியூரிலிருந்து கிளம்பினால் போய்வருவதிலேயே பாதி நாள் போய்விடும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு ராட்டினம் என்றால் தீவுத்திடல் பொருட்காட்சி, இல்லாவிட்டால் கோயில் திருவிழா.

அதனால்தான் தண்டையார்பேட்டையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறேன்: நம்ம ஏரியாவுக்கு ஒரு தீம் பார்க் வடிவமைத்துக் கொண்டுவாருங்கள். மெக்கானிக்கல், பி.காம்., விஸ்காம் மாணவர்கள் கலந்து ஒரு குழு. முதல் வாரம் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். மெக்கானிக்கல் ஆட்கள் ஊரிலேயே உயரமான ரோலர் கோஸ்டரை வரைவார்கள். விஸ்காம் ஆட்கள் பேய் பங்களாவுக்குத் திரைக்கதை எழுதுவார்கள். பி.காம். ஆட்கள் டிக்கெட் விலையைத் தினம் பத்தாயிரம் பேரால் பெருக்கிக் கோடீஸ்வரர் ஆகிவிடுவார்கள். ஒருவர் தாளில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது.

அப்போது நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வண்டி எத்தனை விநாடிக்கு ஒருமுறை கிளம்பும்?

முதலில் யாருக்கும் இது பெரிய கேள்வியாகத் தெரிவதில்லை. வேகம், உயரம், தலைகீழ் வளையம் எல்லாம் இருக்க, கிளம்பும் நேரமா முக்கியம்? அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முயன்றால்தான் தெரியும், அதற்குள் எத்தனை விஷயம் மடிந்து கிடக்கிறது என்று.

உயரத்திலிருந்தே தொடங்கலாம். வழக்கமான ரோலர் கோஸ்டரில் மோட்டாருக்கு ஒரே வேலை, வண்டியைச் சங்கிலியால் உச்சிக்கு இழுத்துப் போய் விடுவது. அதற்குப் பிறகு இன்ஜின் எதுவும் கிடையாது; உயரமாகச் சேமித்த ஆற்றல் வேகமாகச் செலவாகிறது. 30 மீட்டரிலிருந்து இறங்கினால், உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், அடியில் விநாடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகம். இந்தச் சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை. ஆனாலும் நடைமுறையில் ஆள் நிறைந்த வண்டி காலி வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகவே வரும். காற்றுத் தடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறைந்த வண்டியிடம் செலவழிக்க ஆற்றல் அதிகம். அடுத்தடுத்த மேடுகள் ஏன் உயரம் குறைந்துகொண்டே போகின்றன என்பதற்கும் இதுதான் பதில்: வழியெல்லாம் உராய்வுக்கு வரி கட்டியாக வேண்டும்.

வளையத்தை எல்லோரும் காம்பஸ் வைத்து வட்டமாகத்தான் வரைவார்கள். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வைத்த தலைகீழ் வளையமும் வட்டம்தான். கழுத்து வலிக்குப் பேர்போன சவாரி அது. காரணத்தை மேலே சொன்ன வண்டியிலேயே பார்க்கலாம். 22 மீட்டர் உயர வட்ட வளையம் என்றால் ஆரம் 11 மீட்டர். அடியில் நுழையும்போது உட்கார்ந்திருப்பவர் தன் எடையைப்போல ஆறரை மடங்கு அழுத்தத்தை உணர்வார். உச்சிக்கு வந்தால் அரை மடங்குகூட இருக்காது, பிடிமானமே இல்லாததுபோல் இருக்கும். இறங்கும்போது மறுபடியும் ஆறரை. ஆகவே இன்றைய வளையங்கள் வட்டமில்லை, கண்ணீர்த்துளி வடிவம். அடியில் வளைவு அகலம். மேலே போகப்போக இறுகும். அடியில் ஆரம் 25 மீட்டர் வைத்தால் அழுத்தம் 3.4 மடங்காகக் குறைகிறது. உச்சியில் 7 மீட்டர் வைத்தால் தலைகீழாக இருக்கும்போதும் 1.3 மடங்கு எடையோடு இருக்கையில் பதிந்திருக்கிறீர்கள். 1976-இல் கலிஃபோர்னியாவில் வெர்னர் ஷ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் கணக்கில் எழுந்த சவாரிதான் இந்த வடிவத்தை நிலைநாட்டியது.

இதெல்லாம் ஒரு வண்டிக்கான கணக்கு. பூங்கா ஓடுவது ஒரு வண்டியில் அல்ல.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரலுக்குப் போகிறவர்களுக்கு பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் சிக்னலுக்காக நிற்பது புதிதில்லை. முன்னால் போகிற ரயில் ஒரு பகுதியைக் காலி செய்யும்வரை பின்னால் வருவது அதற்குள் நுழையக் கூடாது. ரோலர் கோஸ்டரும் இதே விதியில்தான் ஓடுகிறது. தடத்தைப் பிளாக்குகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் வண்டியை நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும்: நிலையம், ஏற்றச் சங்கிலி, நடுவழிப் பிரேக், கடைசிப் பிரேக். இறக்கத்தின் நடுவில் நிறுத்த முடியாது, ஆகவே அது தனிப் பிளாக் ஆகாது. எப்போதும் ஒரு பிளாக் காலியாக இருந்தால்தான் யாராவது நகர முடியும். மூன்று பிளாக் இருந்தால் இரண்டு வண்டி, நான்கு இருந்தால் மூன்று.

இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "சார், கரண்ட் கட்டாச்சுன்னா பிரேக் எப்டி சார் புடிக்கும்?" அவர் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. பதிலுக்கு ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய ஓரடிச் செம்புக் குழாயும், அதற்குள் நுழைகிற அளவில் ஒரு சின்ன நியோடிமியம் காந்தமும் போதும். ஓரடி உயரத்திலிருந்து எதைப் போட்டாலும் கால் விநாடியில் கீழே வந்துவிடும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்துக் காந்தத்தை உள்ளே விட்டால், அது அவசரமே இல்லாமல் இறங்குகிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் குழாய்ச் சுவரைத் தொடாமல், லேசாக ஆடிக்கொண்டே போவது தெரியும். செம்பைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் நகரும் காந்தம் செம்பில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பும், அவை தங்கள் காந்தப்புலத்தால் அந்த நகர்வையே எதிர்க்கும். வண்டிக்கு அடியில் ஒரு உலோகத் தகடு, தடத்தில் நிலைக்காந்த வரிசை. காந்தப் பிரேக் அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், தேய்மானமும் இல்லை. குறை ஒன்று உண்டு. நகர்வு இருந்தால்தான் எதிர்ப்பு, ஆகவே வேகத்தைக் குறைக்குமே தவிர வண்டியைப் பிடித்து நிறுத்தாது. நிறுத்துவதற்கு உராய்வுப் பிரேக் தனியாக வேண்டும். அது மின்சாரம் போனால் தானாக இறுகிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். ஏற்றத்தில் கேட்கும் டக் டக் சத்தமும் இதே கவலையில் பிறந்ததுதான்: சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் வழுக்காமல் பற்களில் மாட்டிக்கொள்ளும் கொக்கி அது.

இப்போது கிளம்பும் நேரத்துக்கு வரலாம். எங்கள் குழு வரைந்த தடத்தில் ஒரு சுற்றுக்கு 135 விநாடி. நிலையத்தில் ஆள் இறங்கி, ஏறி, கம்பியைப் பூட்டிச் சரிபார்க்க 45 விநாடி. மொத்தம் 180. இரண்டு வண்டி ஓடினால் 90 விநாடிக்கு ஒன்று கிளம்பும். மூன்று ஓடினால் 60. வண்டிக்கு 24 இருக்கை என்றால், மணிக்கு 960 பேரா, 1,440 பேரா என்பதுதான் வித்தியாசம். ஒரே தடம், ஒரே வளையம், ஒரே உயரம்.

45 விநாடியில் 24 பேர் ஏறிவிடுவார்களா? பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, குறுக்கே கயிறு கட்டி, பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுப் பார்த்தோம். இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. நேரம் கயிறு கட்டுவதில் போகவில்லை. பையை எங்கே வைப்பது, யார் பக்கத்தில் யார், துப்பட்டாவைச் சுருட்டு, செருப்பைக் கழற்று, "டேய், என் போனப் புடி" என்பதில் போனது. அடுத்த முறை ஒவ்வொரு வரிசைக்கும் தரையில் சாக்பீஸில் தனிக் கட்டம் போட்டு, யார் எங்கே என்று முன்கூட்டியே பிரித்து நிறுத்தினார்கள். ஒருபுறம் இறங்க, மறுபுறம் ஏற. நேரம் பாதிக்குமேல் குறைந்தது. பெரிய பூங்கா நிலையங்களில் வரிசைக்கு ஒரு கதவு இருப்பது இதற்காகத்தான்.

மிச்ச நேரத்தைக் குறைத்தவர் பொறியியல் மாணவர் இல்லை. ஒரு விஸ்காம் மாணவி எழுதிய வசனம்தான் அதைச் செய்தது. காசிமேட்டு விசைப்படகில் கடலுக்குப் போகிறோம் என்பது சவாரியின் கதை. வரிசையின் கடைசித் திருப்பத்தில் படகின் ஸ்ராங்கு, அதாவது படகோட்டித் தலைவர், அதட்டுகிறார்: "செருப்பக் கழட்டுப்பா! போனு, கண்ணாடி எல்லாம் பொட்டில போடு, அலைல வுழுந்தா மீனு வந்து எடுத்துத் தராது!" அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை, திட்டினால் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். கதை இங்கே அலங்காரத்துக்கு இல்லை. நிலையத்தில் போகவேண்டிய விநாடிகளை, எப்படியும் காத்திருக்கிற வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. வேலையில்லாமல் காத்திருக்கும் நேரம் ஏதோ செய்துகொண்டு காத்திருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 1985-லேயே எழுதியிருக்கிறார். அந்த வகையிலும் ஸ்ராங்குக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

இருட்டுச் சவாரியில், அதாவது இருண்ட கட்டடத்துக்குள் காட்சிகளுக்கு நடுவே வண்டி மெதுவாகப் போகும் சவாரியில், கதைக்கும் நேரக் கணக்குக்கும் உள்ள பிணைப்பு இன்னும் இறுக்கம். இன்னொரு குழு எடுத்துக்கொண்டது எம்டன் கதை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அருமையான கதை, அதுவும் நம்ம பக்கத்துக் கதை. எழுதிவந்த காட்சியில் இரண்டு காவலாளிகள் ஒரு பக்கம் பேசிக்கொள்கிறார்கள். வண்டி விநாடிக்கு 60 சென்டிமீட்டர் நகர்கிறது. காட்சியின் நீளம் 9 மீட்டர். பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி. போதாக்குறைக்கு 10 விநாடிக்கு ஒரு வண்டி வந்துகொண்டே இருக்கும். ஒருவர் காட்சிக்குள் நுழையும்போது முந்தியவர் நடுவைத் தாண்டிப் போயிருப்பார். தொடக்கம், நடு, முடிவு உள்ள எந்த வசனமும் இங்கே செல்லாது. எந்த நொடியில் பார்த்தாலும் விளங்குகிற காட்சிதான் வேண்டும்: தேடுவிளக்கு கடலிலிருந்து தொட்டிமேல் விழுகிறது, தொட்டி எரிகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள். பேச்சு வேண்டுமென்றால் வண்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் வைக்க வேண்டும். நெருப்புக்கு நெருப்பு தேவையில்லை. நீர்ப்புகையைக் கீழிருந்து ஆரஞ்சு விளக்கால் ஒளியூட்டினால் பக்கத்தில் போகும்வரை கண் நம்பும். எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. டிஸ்னிலேண்டில் 1967-இல் வந்த ஆம்னிமூவர் வண்டிகள் நிற்காமல் சங்கிலியாக நகரும். ஒவ்வொன்றும் தானே திரும்பி, கேமராபோலப் பார்வையாளரின் முகத்தைக் காட்சியை நோக்கித் திருப்பும்.

வணிகம் படிப்பவர்களுக்கு இதுவரை கொட்டாவி வந்திருந்தால், இந்த இடத்தில் எழுந்து உட்கார்வார்கள். 720 பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,440 பேர் ஏறினால் கடைசி ஆளுக்கு அரை மணி நேரக் காத்திருப்பு. 960 என்றால் முக்கால் மணி. வரிசையின் நீளம், ஆள் நகரும் வேகம், காத்திருக்கும் நேரம் மூன்றையும் இணைக்கும் இந்த எளிய உறவை 1961-இல் ஜான் லிட்டில் கணிதமாக நிரூபித்தார். வங்கி கவுன்ட்டரிலிருந்து இணையச் சர்வர் வரை எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது. வரிசையில் மாட்டியவர் பிரியாணியும் வாங்க மாட்டார், பொம்மையும் வாங்க மாட்டார். கிளம்பும் இடைவெளியில் குறையும் 30 விநாடி உணவுக்கடையின் கல்லாவில் போய் விழுகிறது.

அதற்காகக் காணும் பொங்கல் கூட்டத்துக்குப் பூங்கா கட்டினால் மற்ற நாளெல்லாம் காலி இருக்கைக்குச் சம்பளமும் வட்டியும் கட்ட வேண்டும். ஆண்டின் உச்சக் கூட்டம், சராசரிக் கூட்டம் இரண்டையும் விட்டுவிட்டு, நல்ல கூட்டமுள்ள ஒரு சாதாரண நாளை அளவாக வைப்பதே வழக்கம். நமக்கு நவம்பர் மழையும் மே வெயிலும் வேறு கணக்கில் உண்டு.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கடற்கரைதான் வேண்டும். ஆனால் துறைமுகம் கட்டியபின் வடக்கே போகிற மணல் தடுக்கப்பட்டு, மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கொட்டிக் கிடக்கும் பாறைகள் அதன் விளைவு. போதாததற்கு உப்புக்காற்று. இரும்புத் தடத்துக்குப் பெயின்ட் செலவு ஒருபக்கம், வெல்டிங்கில் மயிரிழை விரிசல் தேடும் செலவு இன்னொருபக்கம். ரயில் அச்சுகளை அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் ஊர் இது, அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில் மட்டும் கஷ்டமிருக்காது.

ரோலர் கோஸ்டர் குழு கடைசியில் செலவைக் குறைக்க வேண்டிவந்தபோது இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது: தலைகீழ் வளையம், அல்லது நடுவழிப் பிரேக். நடுவழிப் பிரேக் போனால் நான்காவது பிளாக் போகும், அதோடு மூன்றாவது வண்டியும் போகும். ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு வளையத்தை எடுத்துவிட்டார்கள். அதை வரைந்த பையனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வளையம் இல்லாத சவாரிக்கு யார் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வரிசை சீக்கிரம் நகர்ந்தால் வந்தவர்களே இரண்டாம் முறை ஏறுவார்கள் என்கிறார்கள் பி.காம். ஆட்கள். டிக்கெட் விலையில்தான் இன்னும் யாரும் ஒத்துவரவில்லை.