கண்ணை மூடிக்கொண்டு திட்டும் அப்பாக்கள்

பாளையங்கோட்டையில் குடும்ப நல ஆலோசகராக இருக்கிறேன். தெருவுக்கு ஒரு கோயில் (எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்) இருக்கிற ஊர் என்பதால் என்னிடம் வருகிறவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். கீழே வருகிறவர்களின் வேலை, வயது, ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். படித்துவிட்டு "இது நம்ம பக்கத்து வீட்டுக்காரர்தானே" என்று யாருக்காவது தோன்றினால், இல்லை.

ஒரு அப்பா தன் பதினாறு வயது மகனைக் கூட்டிவந்தார். "பையன் கோயிலுக்கு வரமாட்டேங்கிறான் சார். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டா கதவைச் சாத்திக்கிடுதான். சண்டே ஸ்கூல்ல வசனப் போட்டியில எல்லாம் பரிசு வாங்குன பிள்ளை." அவர் கண் கலங்கியது உண்மை. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் ஜெபம் உண்டு. பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் அவரே நடத்துகிறார். பதினைந்து வருடமாக ஒருநாள் தவறியதில்லை என்றார்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "அப்பா ஜெபத்துல என்னைத் திட்டுறாங்க சார். 'ஆண்டவரே, இவன் போனே கதின்னு கிடக்கான், கணக்குல முப்பத்தெட்டு மார்க் வாங்கியிருக்கான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்'னு. கண்ணைத் திறந்துக்கிட்டு திட்டுனா பதில் சொல்லலாம். கண்ணை மூடி ஆண்டவர்கிட்ட சொல்லும்போது நான் என்ன சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வீட்டிலும் இதேதான் நடந்திருந்தது. என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது, பல் துலக்குவதன் அவசியத்தைப் பற்றி நான் ஆண்டவரிடம் விலாவாரியாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, ஆமென் சொல்லுங்க, தூக்கம் வருது" என்றாள்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. ஜெபம் என்றாலே தன் குற்றப்பட்டியல் வாசிக்கப்படும் நேரம் என்று பிள்ளை பழகிவிட்டால், கடவுளும் அப்பாவின் கட்சி என்றே அவன் மனதில் பதியும். பதினாறு வயதில் அப்பாவோடு மோதாத பையன் ஏது? அந்த மோதலில் கடவுளையும் சேர்த்து எதிர்ப்பக்கம் உட்காரவைத்தது அப்பாதான். வேதத்தில் கொலோசெயர் 3:21, பிள்ளைகள் மனம் மடிந்துபோகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்று தகப்பன்மாரிடம்தான் சொல்கிறது. எவ்வளவு சரியான எச்சரிக்கை! கோபப்படுகிற பிள்ளை சண்டைக்காவது வருவான். மனம் மடிந்தவன் கதவைச் சாத்திக்கொள்வான்.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாவீது ராஜா தன் மகன் அதோனியாவை ஒருமுறைகூட "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்டதில்லை என்று 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த வீடு என்ன ஆனது என்பதும் அங்கேயே இருக்கிறது. கண்டிக்க வேண்டியதைக் காலையிலோ சாயங்காலமோ, முகத்தைப் பார்த்து, அவன் பதில் சொல்ல இடம் விட்டுக் கண்டியுங்கள். ஜெபத்துக்குள் கொண்டுபோய் ஒளித்துவைக்காதீர்கள்.

இன்னொரு வகை அப்பா உண்டு, இவர்தான் எண்ணிக்கையில் அதிகம். "அதெல்லாம் அவ பாத்துக்கிடுவா சார்" என்பவர். வீட்டில் பாட்டை ஆரம்பிப்பதும் பிள்ளைகளை எழுப்புவதும் மனைவி. இவர் கட்டிலில் சாய்ந்தபடி ஆமென் மட்டும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே பைக் பக்கத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் கூச்சம்தான் காரணம். வாய்விட்டு ஜெபிக்க வராது, என்ன சொல்வதென்று தெரியாது.

அதற்கு நம் பக்கத்துப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நெல்லைச் சீமைக் கிராமங்களில் கோயில் மணி அடித்தால் மாலை ஜெபத்துக்கு ஊரே கூடும். நடத்துவது உபதேசியார், அதாவது கிராமச் சபையின் ஊழியர். பிள்ளைகளுக்கு வசனமும் கற்பனைகளும் (கட்டளைகளும்) சொல்லிக்கொடுப்பது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அப்பாவுக்குப் பாயில் உட்கார்ந்தால் போதும். பனையேறிவிட்டு வந்தவருக்கு அது பெரிய வசதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரைவிட்டு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறியபோது மணியும் வரவில்லை, உபதேசியாரும் வரவில்லை. அந்த வேலை சத்தமில்லாமல் அம்மாக்களின் தலையில் ஏறிவிட்டது.

இத்தனைக்கும் புராட்டஸ்டண்ட் மரபு ஆரம்பத்திலேயே அப்பாவைத்தான் ஆசிரியராக வைத்தது. அந்த மரபைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தர் ஜெர்மனியின் சாக்சனிச் சபைகளைச் சுற்றிப்பார்த்து, மக்களுக்கு அடிப்படைகூடத் தெரியவில்லையே என்று நொந்துபோய் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலை எழுதினார். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் என்று ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுத்தர வேண்டிய விதம் என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குதான் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆக, சாப்பாட்டு மேஜைக்கு எழுதிய புத்தகத்தை நாம் வகுப்பறைக்கு அனுப்பிவிட்டோம்.

தொடங்கத் தெரியாத அப்பாக்களுக்கு நான் காட்டுவது உபாகமம் ஆறாம் அதிகாரம். பிள்ளைகளுக்குப் போதி என்பதற்கு முன்னால், இந்த வார்த்தைகள் "உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்று வருகிறது. அப்புறம்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது பேசு என்கிறது. ஒன்பது மணிக்கு முக்கால் மணிநேரம் என்று அதில் எங்கும் இல்லை. 'வழியில் நடக்கிறபோது' என்பது இன்றைக்கு டியூஷனுக்குப் பிள்ளையை பைக்கில் கொண்டுபோய் விடுகிற பத்து நிமிஷம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை முகத்துக்கு நேராகக் கேட்காத கேள்வியெல்லாம் அப்போது கேட்கும். "தாத்தாவுக்காக ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துப்போனாங்க?" பதில் தெரியாவிட்டால் "எனக்கும் தெரியலடா, நானும் அதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லலாம். அதனால் பிள்ளையின் விசுவாசம் உடைந்துபோய் நான் பார்த்ததில்லை. பொய்யான பதிலால் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வளைகுடாவில் இருக்கிற அப்பாக்களும் கேட்பார்கள். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் சவூதியில் ஆறரை. டியூட்டி முடிந்து அறைக்கு வந்துகொண்டிருக்கும் நேரம். வீடியோ காலில் முழு ஜெபமும் நடத்த வேண்டாம். காலை எழுந்ததும் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போதும். "ஹோம்வொர்க் முடிச்சியா" என்பதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்று. 'புருஷன் தலை' என்ற எபேசியர் வசனத்தை என் அறையில் மேற்கோள் காட்டிய ஆண்களில் சிலர், முந்தின இரவு மனைவியை அடித்தவர்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருப்பதும், இரண்டு வசனம் பின்னால் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியை நேசிக்கச் சொல்லியிருப்பதும் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. அடி விழுகிற வீட்டில் குடும்ப ஜெபம் மருந்தாகாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் 181-ஐயும், குழந்தைகள் 1098-ஐயும் அழைக்கலாம். "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணும்மா" என்று திருப்பி அனுப்புகிற சபை மூப்பர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

மருந்து விஷயமும் அப்படித்தான். வலிப்புள்ள பிள்ளையின் மாத்திரையை விசுவாசத்தின் பேரில் ஒரு அப்பா நிறுத்திவிட்டார். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்ப் பிழைத்து வந்தது. எண்ணெய் பூசி ஜெபியுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். வயசுப் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் 'ஆவிக்குரிய சோர்வு' என்று பெயர் வைக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416-இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். பவுல் அப்போஸ்தலரின் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர் என்பதற்கு மேல் வேதத்தில் அவரைப் பற்றி ஒன்றுமில்லை. பவுல் பெயர் சொல்லிப் பாராட்டியது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான்.

சரி, அந்தப் பையனின் அப்பாவுக்கு வருவோம். ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். ஒரு மாதத்துக்கு ஜெபத்தில் மகன் பெயரை எடுக்காதீர்கள். உங்கள் பயத்தை, உங்கள் தப்பைச் சொல்லி ஜெபியுங்கள். "பிள்ளைக முன்னாலயா சார்?" என்று தயங்கினார். அலுவலகத்தில் அப்போது ஆடிட் நடந்துகொண்டிருந்தது. ஒரு கணக்கு இடித்தது, மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் இவர். ஒருநாள் இரவு அதை அப்படியே சொல்லியிருக்கிறார்: நாளைக்கு எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே, இன்னைக்கு அந்த எரிச்சல்ல வீட்டுல கத்திட்டேன், மன்னியும். கதவு சாத்தித்தான் இருந்திருக்கிறது.

பையன் இன்னும் எல்லா ஞாயிறும் கோயிலுக்குப் போவதில்லை. மறுநாள் சாயங்காலம் அப்பா பைக்கை நிறுத்தும்போது வாசலில் நின்றிருக்கிறான். "அப்பா, ஆடிட் முடிஞ்சிதா?" என்று கேட்டிருக்கிறான்.