ஆற்றுகை: ‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன?

தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனைச் சுவரில் சென்ற வாரம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ‘பெர்ஃபாமன்ஸும் ஃபிலாசஃபியும். மாலை 6 மணி. அனைவரும் வருக.’ இடம், அதே தெருவில் உள்ள கேரம் மன்றம். பக்கத்தில் நின்று படித்த பெரியவர், “வண்டிக்குச் சொல்வார்களே, அந்தப் பெர்ஃபாமன்ஸா தம்பி?” என்று கேட்டார். கூத்து மாதிரி ஐயா, என்றேன். “அப்படியானால் கூத்து என்றே போட்டிருக்கலாமே!” எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன்.

புரட்டிய பிறகு தெரிந்தது, பெரியவர் என்னைவிடச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லின் மூலத்துக்கு மேடையைவிட வண்டிதான் நெருக்கம். பழைய பிரெஞ்சில் ‘பர்ஃபுர்னிர்’ என்றொரு வினைச்சொல். ‘பர்’ என்றால் முழுக்க. ‘ஃபுர்னிர்’ என்றால் செய்துகொடுத்தல். ஏற்றுக்கொண்டதைக் குறை வைக்காமல் செய்து முடிப்பது என்பதே பொருள். இடையில், உருவத்தைக் குறிக்கும் ‘ஃபார்ம்’ என்ற சொல்லின் சாயல் வந்து ஒட்டிக்கொண்டது. மற்றபடி உருவத்துக்கும் இதற்கும் பிறப்பில் உறவில்லை. பாட்டு, நடிப்பு என்ற பொருளெல்லாம் பிறகு ஏறியவை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அங்கே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது மட்டுமே பேச்சு.

தமிழ் இதழ்களில் இதற்கு ‘நிகழ்த்துகலை’ என்று எழுதுகிறார்கள். கரகம், தெருக்கூத்து, பொம்மலாட்டம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்ல நல்ல சொல். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 1960களிலும் 70களிலும் மேலைநாடுகளில் ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் உடம்பையே ஊடகமாக்கிச் செய்யத் தொடங்கிய ‘பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்’டையும் அதே சொல்லால் குறிக்கும்போது. 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அந்த வகைக் கலைஞரான மரீனா அப்ரமோவிச் ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து அவர் கண்களைப் பார்க்கலாம். வேடம் இல்லை, கதை இல்லை. இதையும் கரகத்தையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே விளங்காது.

ஈழத்து அரங்கியல் எழுத்துகளில் வேறொரு சொல் புழங்குகிறது: ஆற்றுகை. சென்னைக் காதுக்குக் கொஞ்சம் விறைப்பாகப் படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் வாக்கு அதற்குத்தான். பணியாற்று, உரையாற்று, கடமையாற்று என்னும்போது அங்கே செய்து முடிக்கும் பொருள் இருக்கிறது. பிரெஞ்சு மூலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதே வடிவம் தணிப்பதையும் குறிக்கும்: பசியாற்று, துயராற்று. ‘ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்’ என்று வள்ளுவர் வலிமையையும் பசியைப் பொறுத்துக்கொள்வதையும் ஒரே அடியில் உரசவிடுகிறார். கலித்தொகையின் நெய்தற்கலி இன்னும் நேரடியாக இலக்கணமே சொல்லிவிடுகிறது: ‘ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்.’ அலந்தவர் என்றால் துன்பத்தில் கலங்கியவர். (ஆற்றுப்படையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதிலுள்ளது வழி என்னும் பொருள் தரும் ஆறு.)

வடசென்னையில் இருந்துகொண்டு அந்த அடியைப் படித்தால் மரண கானாதான் நினைவுக்கு வரும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கங்களில் இறந்தவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடுவார்கள். இறந்தவரின் பெயர், தொழில், அவர் விட்டுச்சென்ற பிள்ளைகள் எல்லாம் பாட்டில் வரும். நேரம் ஏற ஏறப் பாட்டு அவரை விட்டு நகர்ந்து, உடம்பு என்றால் என்ன, சேர்த்த பொருள் எதுவரை கூட வரும் என்று கேட்கத் தொடங்கும். இதே கேள்விகளைப் பாடிய பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாடுபவருக்கு அது ஏற்றுக்கொண்ட வேலை. விடியும் வரை முடித்தாக வேண்டும். கேட்பவருக்குத் துயர் தணிகிறது. ‘ஆற்றுகை’யின் இரண்டு பொருளும் ஒரே வாசலில். சுவரொட்டி ‘ஃபிலாசஃபி’யை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்ப்பதுபோல் பேசியதில் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். அது ஏற்கெனவே இங்கே இரவு முழுக்கக் கண்விழித்துக்கொண்டிருக்கிறது.

‘ஃபிலாசஃபி’ கிரேக்கச் சொல். அறிவின் மீதான காதல். வடமொழி வழி வந்த ‘தத்துவம்’ நமக்குப் பழகிய சொல், ஆனால் அன்றாடப் பேச்சில் அது யாரும் கேட்காமலே தரும் அறிவுரைக்குப் பெயராகத் தேய்ந்துவிட்டது. ‘மெய்யியல்’ என்பது தனித்தமிழ் ஆக்கம். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. நகை, அழுகை முதலாக எட்டு உணர்ச்சிகளையும் உடம்பில் தோன்றக் காட்டுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்றது. உடம்பால் யோசிக்கும் கலையோடு சேர்த்து வைக்க இதைவிட நல்ல சொல் இல்லை.

இரண்டு நாள் கழித்து அதே முனையில் டீக்கடையில் பெரியவரைப் பார்த்தேன். “ஆற்றுகை என்று போட்டிருக்கலாம் ஐயா” என்றேன். அவர் திரும்பி, டம்ளருக்கும் குவளைக்குமாக டீயை இழுத்து ஊற்றிக்கொண்டிருந்தவரைக் காட்டினார். “இவர் ஆற்றுகிறாரே, அதுவா?”

“அதுவும்தான்.”

“சரி. அந்த இரண்டாவது சொல்?”

மெய்யியல் என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “அதை நான் தத்துவம் என்றே வைத்துக்கொள்கிறேன், தம்பி” என்றார்.