ஓரத்தைத் தேய்த்தால் உருவம் ஆடாது

மறுபடியும் அதே படம். பரதநாட்டியப் பெண், அரைமண்டி (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை), விரிந்த கைகள். மொபைலில் இருந்த போட்டோவைக் கட்டம் போட்டு அப்படியே கேன்வாஸில் ஏற்றியிருக்கிறார்கள். நகை ஒவ்வொன்றும் அத்தனை தெளிவு. ஆனால் பெண் ஆடவில்லை, நிற்கிறாள். வரைந்தவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். கடைசியில் ஓரங்களையெல்லாம் விரலால் தேய்த்துக் கலைத்திருக்கிறார். வகுப்பிலும் போட்டிகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது.

கலைத்தால் அசைவு வந்துவிடும் என்ற நினைப்பு கேமராவிலிருந்து வந்தது. ஷட்டர் மெதுவாக மூடினால் போட்டோ கலங்கும். அதையே பார்த்துப் பழகிய கண், கலங்கல்தான் வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகைக்கோயில் தூண்களில் வரைந்திருக்கும் ஆடல் மகளிரைப் போய்ப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டு வேலை. வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது, மிஞ்சியது கோடுதான். ஆனாலும் இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்க, கை குறுக்கே வீசி நீள, அந்தப் பெண் இன்னும் ஆடுகிறாள். எங்கே கலங்கல்?

நூல் நூற்கும் பெண்களை வரைந்தபோது ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் கலைத்தாரே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், ராட்டைச் சக்கரத்தில் ஆரங்களே இல்லை, ஒளி வளையம் மட்டும்தான். ஆனால் சுற்றுகிற சக்கரத்தை அப்படி வரைந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைத் திடமாக வைத்தார். அதனால்தான் சக்கரம் சுற்றுகிறது. எல்லா ஓரத்தையும் தேய்த்தால் ஃபோகஸ் தப்பிய போட்டோ மாதிரிதான் இருக்கும்.

அசைவு உடம்பின் எடையில் இருக்கிறது. கழுத்துக்குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினையுங்கள். ஒரு காலில் எடை போட்டு நிற்பவருக்கு அது அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் இறங்கும். விலகி இறங்கினால், அடுத்த அடி விழப்போகிறது என்று பார்ப்பவர் மனசே முடித்துக்கொள்ளும். ஓவியர் சார்ஜென்ட் 1882இல் வரைந்த 'எல் ஹாலியோ' என்ற ஸ்பானிய நடனப் படத்தில் ஆடுபவள் பின்னால் சாய்வதைக் கவனியுங்கள். அந்தச் சாய்விலேயே ரொம்ப நேரம் நிற்க யாராலும் முடியாது. அரைமண்டியிலோ எடை இரண்டு காலுக்கும் சமம். நாட்டடவு என்ற ஆட்ட அசைவில் ஒரு கால் நீளும் கணத்தை எடுங்கள், பாதி வேலை முடிந்தது.

போட்டோவைவிடச் சரியானது எது என்று வாதாடுபவர்களுக்கு பிரெஞ்சுச் சிற்பி ரோடான் செய்த புனித யோவான் சிலை போதும். நடந்து வருகிற மனிதர், ஆனால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். போட்டோவாக இருந்தால் பின் குதிகால் எழும்பியிருக்கும். அடியின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே உடம்பில் வைத்ததால்தான் அது நடக்கிறது.

போர்ட்ரெய்ட்டிலும் இதேதான். தோள், முகம், கண் மூன்றையும் ஒரே திசையில் வைக்காதீர்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோட்டுப் பெண்ணுக்கு உடம்பு ஒரு பக்கம், முகம் நம் பக்கம், உதடு லேசாகத் திறந்திருக்கிறது. யாரோ கூப்பிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறாள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கட்டம் போடுவதை நிறுத்துங்கள். கிட்டே நின்று மொபைலில் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பெருத்துவிடும், அதையும் நம்பி வரையாதீர்கள். நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசி, கரியால் 30 நொடி ஸ்கெட்ச் போடுங்கள். தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே வளைவு, அப்புறம் தோளின் சரிவு, அதற்கு எதிராக இடுப்பின் சரிவு. முகமும் நகையும் கடைசியில். ஆடுபவரை உறைந்து நிற்கச் சொல்லாதீர்கள், அதே அடவைத் திரும்பத் திரும்ப ஆடச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, காகிதத்துக்குத் திரும்பி, நினைவிலிருந்து போடுங்கள். நகையின் வேலைப்பாட்டுக்குப் போட்டோ வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் போடும் அந்தக் கரிக் கிறுக்கல்களை அசிங்கம் என்று கிழித்துப் போடாதீர்கள். முடித்த படத்தோடு அவற்றையும் கொடுத்தனுப்புங்கள். நான் முதலில் பார்க்க விரும்புவது அவற்றைத்தான்.