ஸ்ட்ரீமர் பெட்டிக்குள் இசை போகும் வழி

கைப்பேசி ஆப்பில் ஒரு பாட்டைத் தொட்டால் ஸ்பீக்கரில் பாட்டு வந்துவிடுகிறது. அது கைப்பேசியிலிருந்து போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இணையத்திலிருந்து இசையை எடுத்து ஒலிக்கவிடும் பெட்டிதான் ஸ்ட்ரீமர். நல்ல ஸ்ட்ரீமரில் கைப்பேசிக்கு ரிமோட்டின் வேலை மட்டுமே. எந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். ஸ்ட்ரீமரே சர்வரோடு பேசிக் கோப்பை இழுத்துக்கொள்ளும். ஆகவே முதல் சோதனைக்குக் காது கூட வேண்டாம். பாட்டை ஓடவிட்டுக் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். பாட்டு நின்றுபோனால் இசை ப்ளூடூத்திலோ, கைப்பேசியின் ஊடாக வரும் வேறு வழியிலோ வந்துகொண்டிருக்கிறது. ப்ளூடூத் என்றால் வழியிலேயே தரவு கழிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த ஆல்-இன்-ஒன் பெட்டிக்குள் இருப்பது உண்மையில் பல கருவிகள்: இணையத்தோடு பேசும் சிறு கணினி, எண்களை மின்னலையாக மாற்றும் டிஏசி, வால்யூம், பவர் ஆம்ப்ளிஃபையர், பெரும்பாலும் அறைத் திருத்தம், அதாவது அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் வேலை, செய்யும் கணிப்பான் ஒன்றும். விளம்பரம் டிஏசி சிப்பின் பெயரைத்தான் பெரிதாகப் போடும். ஆனால் இன்றைக்கு அதிகம் தவறாத பகுதி அதுதான்.

இணையப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிடி தரம் என்பது விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 1,411 கிலோபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு கூட 9.2 மெகாபிட்தான். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அதுவும் கணிசமாகச் சுருங்கும். பாக்கெட்டுகள் என்ற தரவுத் துண்டுகள் முன்னும் பின்னுமாக வந்தாலும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் வரிசையாகிவிடும், தொலைந்ததைப் பெட்டி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பஃபரிலிருந்து இசை வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது பெட்டியின் சொந்தக் கடிகாரம். அதனால் இணையக் கேபிளை மாற்றினால் பாஸ் கூடும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வைஃபை நெரிசலில் பாட்டு விட்டு விட்டு வந்தால் மட்டும் ஈதர்நெட் கேபிள் போடுங்கள். உலோக உறை போட்ட கேபிள் இரண்டு கருவிகளின் எர்த்தை இணைத்து ஹம் சத்தம் கிளப்பக்கூடும், சாதாரண உறையில்லாத கேபிளே போதும்.

அந்தக் கடிகாரம் கவனிக்கத் தக்கது. தரமான பெட்டிகளில் கடிகாரத் துடிப்பைத் தரும் இரண்டு கிரிஸ்டல்கள் இருக்கும்: 22.5792 மெகாஹெர்ட்ஸ், 24.576 மெகாஹெர்ட்ஸ். முதலாவதை 512-ஆல் வகுத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவதை வகுத்தால் 48. சிடி வழி வந்த கோப்புகளும் வீடியோ வழி வந்த கோப்புகளும் இந்த இரு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. இந்த ஒரு கிரிஸ்டலை மட்டும் எளிதாக வகுத்து இரண்டையும் பெற முடியாது என்பதால் ஒரே கிரிஸ்டல் உள்ள பெட்டி மற்றக் குடும்பத்தின் வேகத்தைக் கூடுதல் சுற்றால் உருவாக்கும், அல்லது அந்தக் குடும்பத்தை மறுகணக்கிட்டு வாசிக்கும். அறைத் திருத்தம் செய்யும் பெட்டிகளில் பலவும் எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. கணக்கு ஒழுங்காக இருந்தால் அது குறையே இல்லை.

வால்யூம் எங்கே நடக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு, உயர்ந்த சுரங்களைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு அருகில் காதை வைத்து, வால்யூமை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். இரைச்சலும் கூடவே ஏறினால் வால்யூம் மின்சுற்றில் நடக்கிறது. மாறாமல் அப்படியே கிடந்தால் பெரும்பாலும் எண்களிலேயே குறைக்கிறார்கள், பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் எப்போதும் முழு வீச்சில் நிற்கிறது. எண்களில் 6 டெசிபல் குறைத்தால் ஏறக்குறைய ஒரு பிட் போகும். 24 பிட் டிஏசியில் இழப்பதற்கு இடம் தாராளமாக உண்டு. ஆனால் நுண்ணுணர்வு அதிகமான, அதாவது குறைந்த வாட்டிலேயே உரக்க ஒலிக்கும் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அந்த மாறாத இரைச்சல் இரவு நேரத்தில் தொந்தரவாகலாம். சோதனை முடிந்ததும் வால்யூமைக் கீழே இறக்கிய பிறகே பாட்டைத் தொடங்குங்கள்.

ஆம்ப்ளிஃபையர் பகுதியில்தான் பணத்துக்கான வித்தியாசம் தெரியும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இயல்பாகக் கேட்கும் சத்தத்துக்குச் சராசரியாக ஒரு வாட்டே போதும். ஆனால் டிரம் அடி சராசரியை விட 20 டெசிபல் எகிறினால் அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு, அதாவது 100 வாட் தேவை. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். எனவே வாட் எண்ணை விட, (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குத் தரும் தடை) 8 ஓமில் எவ்வளவு, 4 ஓமில் எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரும் சில அலைவெண்களில் 3, 4 ஓம் வரை இறங்கும். அங்கே மின்னோட்டம் கொடுக்க முடியாத பெட்டி உரத்த பாஸில் இறுகிப்போகும், அல்லது பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். மூடிய அலமாரியில் வைத்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இனி ஒப்பிட்டுக் கேட்பது. அரை டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பெட்டி காதுக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாக, உயிரோட்டமாகத் தெரியும். அதனால் அளவைச் சமன் செய்யாத ஒப்பீடு எதையும் நான் மதிப்பதில்லை. 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிக் கோப்பு ஒன்றை, உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே பதிந்ததாகப் பார்த்து, மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்துகொள்ளுங்கள். அடுத்த பெட்டியிலும் அதே வோல்ட் வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். ஒரு சதவீத வித்தியாசம் என்றால் 0.1 டெசிபலுக்கும் குறைவு, அது போதும். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டலாம். இன்னொரு எச்சரிக்கை: கிளாஸ்-டி எனும் வகை ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இரண்டு முனைகளிலும் சமிக்ஞை ஓடும். கறுப்பு முனையை எர்த்தோடு சேர்க்கும் எந்தக் கருவியையும் மாட்டாதீர்கள், ஆம்ப்ளிஃபையரே எரிந்துபோகலாம். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த வித்தியாசங்கள் எல்லாவற்றையும் அறை விழுங்கிவிடக்கூடும். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் சுமாரில் ஒலி சுவர்களுக்கிடையே நின்று அதிரும், உட்காரும் இடத்தைப் பொறுத்து 10 டெசிபல் கூட எகிறும். அறைத் திருத்தம் இந்த மேட்டை அழகாக வெட்டிவிடும். ஒலி குறைந்துபோகும் பள்ளத்தை நிரப்ப மட்டும் அதனால் முடியாது. நீங்கள் சேர்க்கும் ஒலியும் அதே இடத்தில் எதிரொலியோடு மோதி அழிந்துபோகும். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையருக்கு நான்கு மடங்கு சுமை, காதுக்கு லாபம் சொற்பம். திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொண்டு, நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

கடைசியாக மென்பொருள். நல்ல ஆம்ப்ளிஃபையர் இருபது வருடம் உழைக்கும், ஆப் அப்படியில்லை. எம்க்யூஏ என்ற இசைக்கோப்பு வடிவத்தை வாசிக்கும் என்பதே ஒரு காலத்தில் பல பெட்டிகளின் விளம்பரமாக இருந்தது. 2024-இல் இசை ஸ்ட்ரீமிங் சேவையான டைடல் அதைக் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறிவிட்டது. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, ஆப்டிகல் உள்ளீடும் அனலாக் உள்ளீடும் உண்டா என்று பாருங்கள். நேரடிக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கைத்தட்டல் அறுந்து ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ரவுட்டருக்கு வரும் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, யுஎஸ்பி டிரைவில் உள்ள பாட்டைப் பெட்டி வாசிக்கிறதா, வால்யூமை மாற்ற முடிகிறதா என்று சோதியுங்கள். ஆப் நிறுத்தப்பட்ட பிறகும் உங்களிடம் மிஞ்சப்போவது ஏறக்குறைய அவ்வளவுதான்.