நாணயம் விழாத நாற்பது வினாடி

ஜப்பானின் யோகோஹாமா நகரில், துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது லேண்ட்மார்க் டவர். 1993இல் திறந்த 70 மாடிக் கட்டடம், உயரம் 296 மீட்டர். 2014இல் ஒசாகாவில் 300 மீட்டர் உயர அபேனோ ஹருகாஸ் வரும்வரை ஜப்பானிலேயே உயரமான கட்டடம் இதுதான். அதன் 69ஆம் மாடியில், தரையிலிருந்து 273 மீட்டரில், ஸ்கை கார்டன் என்ற பார்வைக்கூடம் இருக்கிறது. பலரும் அங்கிருந்து தெரியும் காட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அங்கே போய்ச் சேரும் அந்த நாற்பது வினாடிதான் பெரிய அதிசயம்.

இரண்டாம் மாடியில் லிஃப்டின் கதவு மூடும். உச்ச வேகம் நிமிடத்துக்கு 750 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். திறந்த காலத்தில் உலகிலேயே வேகமான லிஃப்ட் அது. இந்த வேகத்தில் போகும்போதும் ஒரு பத்து யென் நாணயத்தைத் தரையில் விளிம்பில் நிறுத்தினால் விழாமல் நிற்கும் என்பது அதன் புகழ்.

எப்படி முடிகிறது? வேகம் நம் உடம்புக்குத் தெரியாது, வேகம் மாறுவதுதான் தெரியும். டவுன் பஸ்ஸில் நம்மைத் தள்ளிவிடுவது ஓட்டம் அல்ல, திடீர் பிரேக். அதனால் லிஃப்டின் வேகத்தை வினாடிக்கு வினாடி மெல்ல ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் கூடுவதாக வைத்துக்கொள்வோம். உச்ச வேகம் வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர், அதைத் தொட பன்னிரண்டரை வினாடி ஆகும், அதற்குள் 78 மீட்டர் ஏறியிருக்கும். நிற்பதற்கும் அதே அளவு வேண்டும். ஆக, முழு வேகத்தில் போவது நடுவில் பத்து வினாடிகூட இல்லை! கிளம்பும்போது எடை பார்க்கும் மெஷினில் நின்றால் 60 கிலோ ஆள் 66 கிலோ காட்டுவார், அவ்வளவுதான். இதெல்லாம் மேல்கீழ் அசைவு. நாணயத்தைச் சாய்ப்பது பக்கவாட்டு அதிர்வு. லிஃப்டின் பெட்டி செங்குத்தான தண்டவாளங்களைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஓர் இணைப்பில் மயிரிழை பிசகினாலும் அந்த வேகத்தில் அது ஓர் இடியாக வரும். தண்டவாளத்தை நேராக நிறுத்திய தொழிலாளர்களின் கைப்பக்குவம்தான் அந்த நாணயத்தைத் தாங்குகிறது.

காது மட்டும் ஏமாறாது. 273 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 3 சதவீதம் குறைந்துவிடும். செவிப்பறைக்கு உள்ளே பழைய அழுத்தம், வெளியே புதியது. பறை வெளிப்பக்கம் உப்பும், காது அடைக்கும். நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் திறந்ததும் 'டப்' என்று சரியாகிவிடும்.

சரி, மேலே வந்தாயிற்று. தெளிந்த குளிர்கால நாளில் மேற்கே ஃபியூஜி மலை தெரியும். இந்த உயரத்திலிருந்து கடலில் தொடுவானம் 59 கிலோமீட்டர்தான். ஃபியூஜி அதைவிடத் தள்ளி இருந்தாலும் 3,776 மீட்டர் நெடுமலை என்பதால் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டுகிறது.

இப்போது நிற்கும் தரையைப் பற்றி. பலத்த காற்றில் இவ்வளவு உயரக் கட்டடம் ஆடத்தான் செய்யும். காற்று நேராகத் தள்ளுவது மட்டுமல்ல. கட்டடத்தின் இரு ஓரங்களிலும் மாறி மாறிச் சுழல்கள் பிய்ந்து, அதைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பின் தாளமும் கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் ஒன்று சேர்ந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் வளரும். மேலே போகப் போகக் குறுகும் இந்தக் கோபுரத்தின் வடிவம் அந்தத் தாளத்தை உடைக்கிறது.

மீதி ஆட்டத்துக்கு உச்சியில் இரண்டு பெரிய எடைகள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல். ஊசல் போலத் தொங்கும் இவை கட்டடம் ஆடும் அதே கால அளவில் ஆடும்படி அமைக்கப்பட்டவை. கட்டடம் கிளம்பும்போது எடை பின்தங்கும், அந்தப் பின்னிழுப்பு கட்டடத்தின் வேகத்தைத் தின்றுவிடும். மோட்டாரும் சேர்ந்து எடையைத் தள்ளும். ஆறு வினாடிக்கு ஒருமுறை ஆடும் சாதாரண ஊசலுக்கு 9 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது இரண்டு மாடி உயரம். அதனால் சட்டத்துக்குள் சட்டமாகத் தொங்கவிட்டு ஊசலை மடித்து வைத்திருக்கிறார்கள். இந்த மடிப்பு எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

அப்புறம், இறங்கும்போது ஒன்று. ஏறும்போது காதுக்கு உள்ளே மிஞ்சிய காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும், அந்தக் குழாய் தானாகத் திறந்து வழிவிடாது. கதவு மூடியதுமே எச்சிலை விழுங்கத் தொடங்குங்கள். சளி பிடித்திருந்தால் கட்டாயம்.