எலியின் கல்லீரலும் சூடை மீனும்

தங்கச்சிமடத்தில் விலங்கியல் படிக்கும் மாணவி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். 2025-இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவோடு விண்வெளி நிலையத்துக்குப் போன நீர்க்கரடிகள் என்ற நுண்ணிய பிராணிகள் எங்கள் மண்டபத்துக் கடற்கரையில் கண்டெடுத்தவைதானா? ஊரில் இருந்துகொண்டே விண்வெளி உயிரியலில் ஏதாவது செய்ய வழி உண்டா?

முதல் கேள்விக்கு, இல்லை. சுக்லாவோடு போனது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளர்ந்த வேறொரு இனம். மண்டபத்து நீர்க்கரடி அலை ஏறி இறங்கும் ஈரமணலில் வாழ்வது, நீளம் 0.17 மில்லிமீட்டர். கொச்சிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2023-இல் அப்துல் கலாமின் நினைவாக அதற்குப் ‘பட்டிலிப்பெஸ் கலாமி’ என்று பெயர் வைத்தார்கள். ராமேஸ்வரத்துக்காரர் பெயர் பக்கத்து ஊர்ப் பிராணிக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டாவதற்கு, தாராளமாக உண்டு. விண்வெளிக்குச் சுண்டெலியை அனுப்புவது பெரும் செலவு. ஒரு பயணத்தில் போவது பெரும்பாலும் சில பத்து எலிகள்தான். அவ்வளவை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. பல பயணங்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். அதற்காகவே நாசா ‘ஜீன்லேப்’ என்ற பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. எலி, ஈ, செடி, நுண்ணுயிர் என்று விண்வெளி போய்வந்தவற்றில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்தன என்ற கணக்கு அதில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர்கள் 2018-இலிருந்து குழுக்களாகக் கூடிச் சேர்ந்தே ஆராய்கிறார்கள். விண்வெளிப் பயணம் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்கிறது என்று 2020-இல் வந்த பெரிய முடிவு இப்படிப் பல கைகள் சேர்ந்து எழுதியதுதான்.

எனக்குப் பிடித்தது அந்த முடிவு அல்ல. அதே ஆண்டில் வெளியான இன்னொரு கட்டுரை. அதைப் படித்ததும் எனக்குப் பாம்பன் மீன் ஏலம் நினைவுக்கு வந்தது.

ஏலத்தில் சூடை மீன் வாங்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? மீனின் கண்ணைப் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், பிறகு விரலால் வயிற்றை ஓர் அழுத்து. பிடித்தவுடன் ஐஸில் போட்ட சூடை கெட்டியாக இருக்கும். தாமதித்துப் போட்டால் வயிறு வெடிக்கும். வெளியே ஐஸ் சுற்றியிருந்தாலும் குடலுக்குக் குளிர் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் உள்ளே இருக்கும் நொதிகள் தம் வேலையைத் தொடங்கிவிடும்.

அந்தக் கட்டுரையும் இதே கதைதான். விண்வெளி நிலையத்தில் சில எலிகளின் கல்லீரலை அங்கேயே அறுத்தெடுத்து உடனே உறையவைத்தார்கள். மற்ற எலிகளை முழு உடலாக உறையவைத்து, பூமிக்கு வந்தபின் அறுத்தார்கள். இரண்டு கூட்டத்தின் மரபணுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விண்வெளிக்குப் போன எலிக்கும் தரையில் இருந்த எலிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, உறையவைத்த முறையால் வந்த வேறுபாடு பெரிதாக இருந்தது!

காரணத்தில் ஒரு பகுதி இன்னும் அழகு. மரபணு வேலை செய்யும்போது அதன் செய்தியைச் சுமக்கும் நகலாகத் தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது. ஒவ்வொன்றின் நுனியிலும் அடினின் என்ற மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த ஒரு வால். ஆய்வகத்தில் தைமின் சரம் ஒட்டிய நுண்ணிய காந்தமணிகளைப் போட்டால், அடினினோடு தைமின் இணையும் என்ற பள்ளிப் பாடத்தின்படி வால் போய் மணியில் மாட்டிக்கொள்ளும். காந்தத்தை வைத்து இழுத்தால் ஆர்.என்.ஏ. முழுதாக வரும், அதாவது, அது உடையாமல் இருந்தால். நைந்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? வால் மட்டும் கையோடு வரும், தலை கூடையிலேயே கிடக்கும். உடைந்த ஆர்.என்.ஏ.விலும் அதே கதி: வால் பக்கத்துத் துண்டு மட்டும் சிக்கும், மற்றவை கழுவி ஊற்றப்படும். கணக்கில் அந்த மரபணு இளைத்துத் தெரியும். பார்ப்பவர் ‘ஆகா, எடையின்மை!’ என்று கட்டுரை எழுதிவிடுவார். வாலைப் பிடிக்காமல், வேண்டாத ரைபோசோம் (செல்லில் புரதம் செய்யும் பட்டறை) ஆர்.என்.ஏ.வை மட்டும் நீக்கிவிட்டு மீதியை எல்லாம் படித்தால் இந்தக் கோளாறு குறைகிறது.

மூலத் தரவும், எந்த எலியை எப்படி உறையவைத்தார்கள் என்ற குறிப்பும் பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால் இதை எப்படிப் பிடிப்பது? தன் தரவைப் பிறர் பார்த்தால் பெயர் போய்விடும் என்று அஞ்சும் பேராசிரியர்கள் நம்மிடையே நிறையப் பேர். அறிவியலுக்குள் புழங்கும் மூடநம்பிக்கை என்றே இதைச் சொல்வேன். மீன் கிடைக்கும் இடத்தை நாட்டுப்படகுக்காரர் மறைத்தால் நியாயம் உண்டு. படகும் டீசலும் கடனும் அவருடையது. ஆய்வாளரின் படகும் டீசலும் வரிப்பணம். சந்திரயான்-2 தரவை இஸ்ரோ 2020 இறுதியில் பொதுவில் வைக்கத் தொடங்கியது. ககன்யான் உயிரியல் தரவும் அப்படியே வரவேண்டும் என்பது என் ஆசை, குறிப்பேடு உட்பட.

மனிதர்களின் தரவு மட்டும் வேறு விஷயம். விண்வெளி போனவர்கள் சில நூறு பேர்தான். பெயரை அழித்தாலும் வயதும் பயண நாளும் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவற்றில் பெரும்பகுதிக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

எலிக் கோப்புகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாணவி அங்கிருந்தே தொடங்கலாம்: முதலில் குறிப்பேடு, அதில் உறையவைத்த முறை, அப்புறம்தான் எண்கள். மூலக் கோப்புகள் மிகப் பெரியவை என்பதால் முதல் முறையே எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். தொகுத்த எண்ணிக்கை அட்டவணை சிறியது. தங்கச்சிமடத்து இணைய வேகத்துக்கு அது போதும்.