இரண்டாவது சேவல் ஏன் சத்தமில்லாமல் கூப்பிடுகிறது?

"வீட்டில் பத்துப் பெட்டையும் இரண்டு சேவலும் இருக்கின்றன. ஒரு சேவலைக் குழம்பு வைத்துவிடச் சொல்கிறார் மாமியார். இரண்டு இருந்தால் ஓயாமல் சண்டைதானா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. இரண்டும் ஒரே அடையில் பொரித்து ஒன்றாக வளர்ந்தவையாம். அப்படியானால் அவசரப்பட வேண்டாம். (சண்டைக்கென்றே வளர்க்கிற அசில் என்றால் கதை வேறு. அவற்றைத் தனித்தனியாகக் கட்டிப்போடுவதுதான் வழி.)

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேயின் விலங்கியலாளர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவிட்டார். வரிசை முடிவாகும்வரை ரத்தம் தெறிக்கும். முடிவான பிறகு ஒரு முறைப்பே போதும், தோற்றது ஒதுங்கிவிடும். ஒன்று கொண்டையில் அடிபட்டு நாலைந்து வாரம் பஞ்சாரத்துக்குள் கிடந்து திரும்பினால், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கூவுவதிலும் இதே வரிசைதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிம்முராவும் யோஷிமுராவும் சேவலின் கூவல் உடலுக்குள் ஓடும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்று 2013இல் காட்டினார்கள். வெளிச்சமோ இன்னொரு சேவலின் குரலோ நேரங்கெட்ட நேரத்திலும் அதைத் தூண்டலாம். நடுச்சாமத்தில் கூவியதைக் கெட்ட சகுனம் என்று சொல்லிச் சேவலை அறுப்பவர்கள், முதலில் தெருவில் திரும்பிய பைக்கின் முகப்பு விளக்கை விசாரிக்கலாம். 2015இல் அவர்கள் குழுவே இன்னொன்றையும் சொன்னது. விடியலில் முதலில் கூவுவது தலைவன். மற்றவை தகுதிப்படி அதன் பின்னால் கூவும். தலைவனை அப்புறப்படுத்தினால் அடுத்தது தொடங்கிவைக்கும்.

சரி, இப்படி அடங்கி நடக்கிற இரண்டாவது சேவல் சாமியாரா? இல்லவே இல்லை.

சேவலுக்குப் புழுவோ தானியமோ கிடைத்தால் தானே விழுங்கிவிடாது. தலையை வெடுக்வெடுக்கென்று ஆட்டும், இரையைக் கொத்தி எடுத்துக் கீழே போடும், மறுபடி எடுக்கும். கூடவே "டுக் டுக் டுக்" என்று ஒரு குரல். பெட்டை ஓடிவந்து தின்னும். இப்படி அடிக்கடி ஊட்டுகிற சேவலைப் பெட்டைக்குப் பிடித்துப்போகிறது. இரண்டாவது சேவலுக்குச் சிக்கல் அந்தக் குரலில்தான், ஏனென்றால் அது தலைவன் காதிலும் விழும். விழுந்தால் பாய்ந்து வந்து விரட்டும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கேரோலின் ஸ்மித்தும் கிறிஸ் எவன்ஸும் கூட்டமாக வாழும் கோழிகளைக் கவனித்துக் கண்டது இது: தலைவன் கவனமாக இருக்கும்போது இரண்டாவது சேவல் குரலை விட்டுவிட்டுத் தலையாட்டலை மட்டும் செய்கிறது! பக்கத்தில் இருக்கும் பெட்டைக்கு அது கண்ணில் படும், அவ்வளவு போதும். தலைவனின் கவனம் வேறு பக்கம் போனால் குரலையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே செய்தியை, யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்து, ஒலியோடோ ஒலியில்லாமலோ அனுப்புகிறது. கோழி மூளை என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சேவல் தலையாட்டுவதை ஆராயவா பணம் என்று கேட்பவர்களும்தான். நம் ஊரில் நாட்டுக்கோழி என்றால் எடையும் முட்டையும்தான் பேச்சு. நடத்தைக்கும் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

பெட்டையும் சும்மா இல்லை. தாழ்ந்த சேவல் வலுக்கட்டாயமாக மிதித்துவிட்டால், அதன் விந்தைப் பெட்டை வெளியே தள்ளிவிடுவதை பிஸ்ஸாரி, பர்க்ஹெட் என்ற ஆய்வாளர்கள் 2000இல் பதிவுசெய்தார்கள்.

வாசகிக்கு நடைமுறையாகச் சொன்னால், பெட்டைகளின் முதுகைப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் அதிகம் என்று பொருள். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை இருப்பது நல்லது, அதனால் உங்கள் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. பெட்டைகளைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு சேவலைத் தனியாக அடையுங்கள். தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டாவது சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால், சில பெட்டைகளோடு அதைத் தனியே விட்டு, மூன்று வாரம் போன பிறகு வரும் முட்டைகளை அடை வையுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும்.